காண்டாமிருகக் கன்று பிறக்கப்போகிறதா? கொட்டிலைத் தயார்செய்யும் முறை

1956 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் ருத்ரா என்ற இந்தியக் காண்டாமிருகக் கன்று பிறந்தது. ஐரோப்பியப் பூங்கா ஒன்றில் இந்த இனம் ஈன்றது அதுவே முதல் முறை. இன்று பாட்னா பூங்கா உட்படப் பல இடங்களில் இவை ஈனுகின்றன. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள தாயின் பக்கத்தில் அந்த நேரத்தில் யாரும் போய் நிற்க முடியாது. எனவே கன்றைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் கொட்டிலுடையதுதான்.

1. நாளைக் கணக்கிடுங்கள்: இணைசேர்ந்த தேதியைக் குறித்துவையுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 480 நாள். சாணத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் சினையை உறுதிசெய்யலாம். சுத்தியல் சத்தமும் பெயின்ட் வாடையும் கடைசி நேரத்தில் ஆகாது. வேலைகளை ஓரிரு மாதம் முன்பே முடித்து, தாயை அங்கேயே பழகவிடுங்கள்.

2. இரண்டு அறை ஒதுக்குங்கள்: ஆணைத் தனியே பிரித்துவிடுங்கள். தாய்க்கு அடுத்தடுத்து இரண்டு அறைகளும், நடுவே வெளியிலிருந்து இயக்கும் நகர்கதவும் வேண்டும். ஒன்றில் தாயும் கன்றும் இருக்கும்போது மற்றதைக் கழுவலாம்.

3. குனிந்து பாருங்கள்: ஆபத்து என்றால் பராமரிப்பாளர் நழுவி வெளியேற, கம்பிகளுக்கிடையே இடைவெளி விட்டிருப்பார்கள். பிறக்கும் கன்று 60, 70 கிலோதான். அந்த இடைவெளியில் அதுவும் புகுந்துவிடும், அல்லது தலை சிக்கிக்கொள்ளும். கீழ்ப்பகுதியைத் தடித்த பலகையால் அடையுங்கள். தாய் முட்டினாலும் பலகை பெயரக் கூடாது. குளத்தை வடித்து வழியை மூடுங்கள். தண்ணீர்த் தொட்டி கன்று தவறி விழாத உயரத்தில் இருக்கட்டும்.

4. தரையைக் கவனியுங்கள்: பிறந்த சிறிது நேரத்திலேயே கன்று எழ முயலும். வழுக்கும் சிமென்ட் தரையில் கால் அகன்று அடிபடலாம். ரப்பர் விரிப்பின் மேல் தூசியில்லாத வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். குளிர்காலமென்றால் காற்று நேரே வீசாமல் தடுத்து, வெப்பவிளக்கைத் தாய்க்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள்.

5. மடியைத் தொடப் பழக்குங்கள்: கம்பிக்கு வெளியே நின்றபடி, பழம் கொடுத்துக்கொண்டே மடியைத் தொட்டுப் பழக்குங்கள். கன்று குடிக்கத் திணறினால் சீம்பாலைக் கறக்க இது உதவும்.

6. கேமரா பொருத்துங்கள்: இருட்டிலும் தெரியும் கேமராவை வைத்துத் தொலைவிலிருந்து பாருங்கள். மடி பெருத்துக் காம்பு நிமிர்வது, தீனி குறைவது, நிலைகொள்ளாமல் சுற்றுவது ஆகியவை ஈற்று நெருங்குவதன் அறிகுறிகள்.

7. பெட்டியைத் தயாராக வையுங்கள்: துண்டுகள், தொப்புளுக்கு அயோடின் மருந்து, எடைக்கருவி, புட்டிகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். காண்டாமிருகப் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, சர்க்கரை அதிகம். எனவே மாற்றுப்பாலுக்குக் கொழுப்பு நீக்கிய பாலே அடிப்படை. கலவையை மருத்துவர் முன்கூட்டியே முடிவுசெய்யட்டும்.

ஈற்று நாளில் பழகிய ஓரிருவர் மட்டும் இருந்தால் போதும். கன்று எழுந்த நேரம், முதலில் பால் குடித்த நேரம், நஞ்சுக்கொடி விழுந்த நேரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். சீம்பாலின் எதிர்ப்புச் சக்தி முதல் நாளிலேயே உடலில் சேர வேண்டும். அது தாமதமானால் மருத்துவர் தலையிடுவார். கன்று தானாகக் குடித்துவிட்டால், தாயையும் கன்றையும் அவற்றின் போக்கில் விட்டுவிடுங்கள்.