ஊட்டியில் அஸ்திவார வேலையா? போர்லாக் (துளைப் பதிவேடு) படிக்கப் பழகுங்கள்

சமவெளியில் படித்த சிவில் பாடம் குன்னூர்ச் சரிவில் பாதிதான் கைகொடுக்கும். நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட். மக்காத வரை உளிக்கே சவால்விடும் கல். ஆனால் காலங்காலமாக மழை ஊறி, பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிவிட்டது. மேலே செம்மண், கீழே விரலால் நசுக்கினால் உதிரும் கல். பாறையின் வரிகள் அப்படியே தெரிவதால் கண் ஏமாந்துவிடும்.

"பாறை வந்துடுச்சு சார்" என்று போர் போடுபவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மக்கிய மண்ணுக்குள் மக்காத உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும். லாரி அளவுகூட இருக்கும். மூன்று மீட்டராவது தொடர்ந்து துளைத்து, வரும் கோரை, அதாவது உருளைப் பாறைத் துண்டைப் பாருங்கள். எஸ்.பி.டி. சோதனையின் அடி எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான்: 63.5 கிலோ சுத்தியல் அடித்து இறக்கும் குழாய் ஒரு கல்லைத் தொட்டாலே எண் எகிறிவிடும்.

அடுத்தது தண்ணீர். வேலையின் உயிர் இங்கேதான். எடை ஏற்றியதும் நீர் நிறைந்த களிமண்ணில் முதலில் சுமையைத் தாங்குவது துளைகளில் உள்ள நீர். அது வடிய வடியத்தான் மண் அமுங்கும். 1925-இல் டெர்சாகி இதைக் கணக்காக்கினார். நீர் வடியும் தூரம் பாதியானால், அமுங்கும் காலம் கால்பங்காகும். மழைக்காலத்தில் நடப்பது இதன் மறுபக்கம்: நீரழுத்தம் ஏறும், மண் துகள்களின் பிடி தளரும், சரிவு கிளம்பும். 2009 நவம்பரில் நீலகிரி மாவட்டமெங்கும் அப்படித்தான் சரிந்தது. 2019 ஆகஸ்டில் அதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் சுமார் 82 செ.மீ. மழை. இந்த மலையில் தடுப்புச் சுவருக்கு வீப் ஹோலும் (நீர் வடியும் துளை) பின்புறம் சல்லி வடிகட்டியும் இல்லாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாதி வெட்டிய மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும் வீட்டுக்கும் அதே எச்சரிக்கை. இரண்டும் ஒரே அளவு அமுங்காது. விரிசல் விட்டால் கட்டியவர் பெயர்தான் கெடும்.

இந்தத் துறையில் நிலைக்க நினைத்தால் கேட் தேர்வு எழுதி மண் இயந்திரவியலில் முதுகலை படியுங்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இடமுண்டு. ஜியாலஜி படித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையம். எந்த வழியானாலும் முதலில் ஒரு வருடமாவது மண் பரிசோதனைக் கூடத்தில் சேறு பூசிக்கொள்வது நல்லது. சம்பளம் குறைவுதான், ஆனால் கண் பழகிவிடும்.

மனையைப் பார்க்க மே மாதத்தில் மட்டுமல்ல, மழையிலும் போங்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் ஊற்று எங்கே கிளம்பும் என்று விசாரியுங்கள். போர்லாக்கில் நீர்மட்டத்தோடு அளந்த தேதியையும் எழுதுங்கள். கோடையில் அளந்த மட்டத்தை வைத்து நவம்பர் மழைக்கு அஸ்திவாரம் வடிவமைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.