வீட்டுப் பட்டறையில் சி.என்.சி.யும் உலோகக் குழாயும்: முக்கியக் குறிப்புகள்

தொழில்நுட்பப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் சி.என்.சி. பாடத்தை ஜி-கோடு பட்டியலோடு முடித்துக்கொள்கிறார்கள். உத்திரத்தின் விலக்கம், நிலைமத் திருப்புத்திறன் எல்லாம் வேறு நோட்டில் கிடக்கும். குழாயில் சட்டம் கட்டி வீட்டிலேயே ஒரு சி.என்.சி. செய்யப்போனால் இரண்டு நோட்டையும் ஒன்றாகத் திறக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிய குறிப்புகள் இவை. குழாய்க்கு இடம் அதிகம் ஒதுக்கியிருக்கிறேன், காரணம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது.

1. வரலாறு

• சி.என்.சி.க்கு அடிப்படையான எண் கட்டுப்பாட்டின் தந்தை எனப்படுபவர் ஜான் டி. பார்சன்ஸ் (1913–2007). ஊர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டிராவர்ஸ் சிட்டி. ஹெலிகாப்டர் சுழலிறக்கையின் வளைவைத் துளை அட்டைக் கணிப்பியில் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளுக்குக் கட்டரை நகர்த்தி வெட்டலாம் என்பதிலிருந்து பிறந்த யோசனை. உடன் உழைத்தவர் ஃபிராங்க் ஸ்டூலன்.

• 1949: பார்சன்ஸுக்கு அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம். 1952: எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகம், மாற்றியமைத்த சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. கட்டளை வந்தது துளையிட்ட நாடாவிலிருந்து.

• பார்சன்ஸ், ஸ்டூலன் இருவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம்: 1985. எண் கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கான ஏ.பி.டி. நிரல்மொழியோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய பெயர் டக்ளஸ் டி. ராஸ்.

• வீட்டு இயந்திரங்களுக்கு வழி திறந்தது, ஜி-கோடைப் படித்து மோட்டார்களை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள். 2009இல் தொடங்கியவர் நார்வேயின் சீமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட். ஆர்டுயினோ உனோ அட்டையில், 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் ராமும் கொண்ட ஏ.டி.மெகா 328பி சில்லில் ஓடுகிறது. லினக்ஸ் சி.என்.சி. என்ற இன்னொரு கட்டுப்பாட்டு மென்பொருளின் மூலம் வேறு: அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் உருவாக்கிய இ.எம்.சி.

2. டியூப் வேறு, பைப் வேறு

• டியூபை வெளிவிட்டமும் சுவர்த் தடிமனும் சொல்லிக் கேட்க வேண்டும். பைப்பைப் பெயரளவுத் துளையால் (என்.பி.) குறிப்பார்கள், அந்த எண் உள்விட்டத்தோடும் சரியாகப் பொருந்தாது, வெளிவிட்டத்தோடும் பொருந்தாது. 25 மி.மீ. டியூபின் வெளிவிட்டம் 25 மி.மீ.தான். 25 என்.பி. பைப்பின் வெளிவிட்டமோ 33.7 மி.மீ. கடையில் இரண்டையும் ‘ஒரு இஞ்ச் பைப்’ என்றே கேட்பார்கள், கொடுப்பார்கள். கிளாம்ப் செய்தபிறகு இது தெரியவந்தால் கிளாம்ப்தான் வீண். வெர்னியர் இல்லாமல் குழாய்க் கடைக்குப் போகக் கூடாது.

• மற்ற வெளிவிட்டங்கள்: 15 என்.பி.க்கு 21.3 மி.மீ., 20 என்.பி.க்கு 26.9 மி.மீ.

• பைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1239இன் வகைகளும் வண்ணப் பட்டைகளும்: லைட் மஞ்சள், மீடியம் நீலம், ஹெவி சிவப்பு. 25 என்.பி.யில் சுவர்த் தடிமன் முறையே 2.6, 3.2, 4.0 மி.மீ. ‘வகை மாறும்போது மாறுவது எது?’ என்று கேட்டால் விடை உள்விட்டம். வெளிவிட்டம் மாறாது, மாறினால் மரை பொருந்தாது.

• கட்டமைப்புக்கான எஃகுக் குழாய் ஐ.எஸ். 1161. சதுர, செவ்வகக் குழாய் ஐ.எஸ். 4923. இயந்திர வேலைகளுக்கான எஃகுக் குழாய் ஐ.எஸ். 3601.

• ஈ.ஆர்.டபிள்யூ. குழாய், தகட்டை உருட்டி விளிம்புகளை மின்தடை வெல்டிங்கால் சேர்த்தது. வெட்டிய முனைக்குள் விரலைவிட்டுத் தடவினால் நீளவாக்கில் ஒரு மேடு தட்டுப்படும், அதுதான் தையல். வெளியே அதைச் சீவிவிடுவதால் மங்கிய கோடாக மட்டும் தெரியும். குழாயின் மேலேயே பேரிங் உருளும் இயந்திரத்தில், உருளும் பாதையில் அந்தக் கோடு வராதபடி குழாயைத் திருப்பிப் பொருத்துவது நல்ல பழக்கம்.

• விளிம்பு சேர்த்துக் குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை: கார்னீலியஸ் வைட்ஹவுஸ், 1825. தையலில்லாக் குழாய்: ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரில் மானஸ்மன் சகோதரர்கள், 1880களின் நடுப்பகுதி. சென்னைக்கு அருகே ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா: 1955.

• வீட்டு இயந்திரங்களில் குழாயையே தண்டவாளமாக்கியதற்குப் பெயர்பெற்றது வி1 எஞ்சினியரிங்கின் ‘மோஸ்ட்லி பிரிண்டட் சி.என்.சி.’ மூலைத் துண்டுகள் 3டி பிரிண்டரில் அச்சிட்டவை, 608 பேரிங்குகள் (உள் 8, வெளி 22, அகலம் 7 மி.மீ.) குழாயின் மேலேயே உருள்கின்றன. 23.5, 25, 25.4 மி.மீ. என மூன்று அளவுகளுக்கு வரைபடம் உண்டு. 23.5 வந்த கதை எளிது: அமெரிக்காவில் மின்கம்பி இழுக்கும் முக்கால் அங்குலக் குழாயின் உண்மையான வெளிவிட்டம் 0.922 அங்குலம். முக்கால் அங்குலம் என்பது அங்கேயும் பெயரளவுதான்.

3. விறைப்பு

மோட்டாரும் மென்பொருளும் கட்டரை எங்கே நிற்கச் சொல்கின்றன என்பது ஒரு கணக்கு. வெட்டும் விசையில் சட்டம் அதை எவ்வளவு தள்ளி நிறுத்துகிறது என்பது இன்னொரு கணக்கு. வீட்டில் செய்த இயந்திரத்தில் துல்லியத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

• வட்டக் குழாயின் நிலைமத் திருப்புத்திறன்: வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்து, பையால் பெருக்கி, 64ஆல் வகுக்க வேண்டும். வெளிவிட்டம் 25, சுவர் 2 மி.மீ. என்றால் உள்விட்டம் 21. விடை ஏறத்தாழ 9,630 மி.மீ.⁴. அதே 25 மி.மீ.யில் கெட்டி உருளைக்கு 19,175.

• எடையையும் பாருங்கள். கெட்டி உருளை மீட்டருக்கு 3.85 கிலோ, குழாய் 1.13 கிலோ (எஃகின் அடர்த்தி 7,850 கி.கி./மீ.³). 29 சதவீத எடைக்கு 50 சதவீத விறைப்பு கிடைக்கிறது. ‘எடையைப் பொறுத்தவரை உட்குழிவு சிறந்தது’ என்ற ஒருவரி விடைக்குப் பின்னால் இருக்கும் எண் இது. ஆனால் எடையை மறந்துவிட்டு வெளிவிட்டத்தை மட்டும் மாறாமல் வைத்தால் கெட்டி உருளைதான் விறைப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான விடையைக் குறிப்பவர்கள் உண்டு.

• இரு முனையும் சாதாரணமாகத் தாங்கப்பட்டு நடுவில் சுமை இருந்தால், விலக்கம் = சுமை × நீளத்தின் மும்மடி ÷ (48 × யங் குணகம் × நிலைமத் திருப்புத்திறன்). எஃகின் யங் குணகத்தை 200 கிகாபாஸ்கல் என்று கொண்டு, மேலே சொன்ன குழாயின் நடுவில் 50 நியூட்டன் (சுமார் 5 கிலோ) விசை கொடுத்தால்:
300 மி.மீ. இடைவெளியில் 0.015 மி.மீ.
600 மி.மீ. இடைவெளியில் 0.117 மி.மீ.
1,200 மி.மீ. இடைவெளியில் 0.93 மி.மீ.
நீளம் இரட்டித்தால் தொய்வு 8 மடங்கு. ‘நாலடிப் பலகை போடுகிற மாதிரி செய்துவிடலாம்’ என்று ஆசைப்படுபவர்களுக்கு இந்தக் கடைசி எண்ணைக் காட்டலாம்.

• வட்டத்தை விட்டுவிட்டு 50 × 50 × 3 மி.மீ. சதுரக் குழாய்க்குப் போனால், மூலை வளைவைக் கணக்கில் எடுக்காமல், நிலைமத் திருப்புத்திறன் சுமார் 2,08,500 மி.மீ.⁴. எடை 4 மடங்குதான் கூடுகிறது, விறைப்பு 21 மடங்குக்கு மேல். அதே 600 மி.மீ. இடைவெளியில் தொய்வு 0.005 மி.மீ.யைச் சுற்றி நிற்கும். சுவரைத் தடிப்பாக்குவதைவிட விட்டத்தைப் பெரிதாக்குவது லாபம் என்பது நான்காம் அடுக்கின் வேலை.

• அலுமினியத்தின் யங் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல், அடர்த்தி 2,700. அதே அளவு அலுமினியக் குழாய்க்கு எஃகுக் குழாயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, தொய்வு மூன்று மடங்கு. கடினப்படுத்திய உயர்ரக எஃகு வாங்கினால் தொய்வு குறையுமா? குறையாது. வெப்பச் செயல்முறை வலிமையை மாற்றும், யங் குணகத்தை மாற்றாது.

• முறுக்கத்தில் ஒரு பொறி. குழாயின் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டிவிட்டால் அதே 25 × 2 மி.மீ. குழாயின் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். ஒயர் போக வசதியாக இருக்கட்டுமே என்று கிரைண்டரால் நெடுக ஒரு காடி போடுவதன் விலை அது. தேவையான இடத்தில் வட்டத் துளை போட்டுக்கொள்ளலாம்.

4. திருகு, மோட்டார், ஸ்டெப்

• ஸ்டெப்பர் மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8°, சுற்றுக்கு 200 ஸ்டெப். நேமா 17, நேமா 23 என்பவை மோட்டாரின் முகப்பளவை (1.7, 2.3 அங்குலம்) குறிப்பவை, திறனை அல்ல.

• 1605 பால் ஸ்குரூ: விட்டம் 16, ஒரு சுற்றுக்கு நகர்வு 5 மி.மீ. ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரித்தால் (மைக்ரோஸ்டெப் 8) 200 × 8 ÷ 5 = மி.மீ.க்கு 320 ஸ்டெப். 2 மி.மீ. பல்லிடைவெளி பெல்ட், 20 பல் புல்லி என்றால் சுற்றுக்கு 40 மி.மீ., அதாவது மி.மீ.க்கு 40 ஸ்டெப்.

• உனோவில் ஜி.ஆர்.பி.எல். தரும் துடிப்பு விநாடிக்கு அதிகபட்சம் சுமார் 30,000. 320ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 5,625 மி.மீ. அந்த வேகத்தில் திருகு 1,125 ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டும். அதற்கு முன்பே ஸ்டெப்பரின் முறுக்குவிசை சரிந்து ஸ்டெப் தவறத் தொடங்கலாம். தவறினால் சாதாரண ஸ்டெப்பருக்குத் தெரியாது, திறந்த சுற்று முறை என்பதன் பொருள் அதுவே.

• ஏக்மி மரையின் கோணம் 29°, மெட்ரிக் டிரபீசாய்டு மரைக்கு 30°. பால் ஸ்குரூவின் திறன் 90 சதவீதத்தை ஒட்டி. திறன் கூடியதால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளாது: மின்சாரம் போனதும் இசட் அச்சு ஸ்பிண்டிலோடு கீழே இறங்கலாம்.

5. ஜி-கோடு

• ஜி00 விரைவு நகர்வு, ஜி01 நேர்வெட்டு, ஜி02 வலஞ்சுழி வில், ஜி03 இடஞ்சுழி வில், ஜி04 நிறுத்தம், ஜி20 அங்குலம், ஜி21 மி.மீ., ஜி54 முதல் ஜி59 வரை வேலைப்பொருளின் ஆதிப்புள்ளிகள், ஜி90 தனி அளவு, ஜி91 தொடர் அளவு. எம்03 ஸ்பிண்டில் வலஞ்சுழி, எம்05 நிறுத்து, எம்06 கருவி மாற்று, எம்30 நிரல் முடிவு. இசட் அச்சு எப்போதும் ஸ்பிண்டிலின் அச்சுக்கு இணை. எக்ஸைச் சுற்றிச் சுழல்வது ஏ, ஒய்யைச் சுற்றி பி, இசட்டைச் சுற்றி சி.

• வெட்டுவேகம் (மீ./நிமிடம்) = பை × விட்டம் × ஆர்.பி.எம். ÷ 1000. இங்கேதான் வீட்டு இயந்திரம் மாட்டிக்கொள்கிறது. மர வேலைக்கான கைரவுட்டரின் குறைந்தபட்ச வேகமே பெரும்பாலும் 10,000 ஆர்.பி.எம். அருகில் இருக்கும். 6 மி.மீ. கட்டரோடு அது 188 மீ./நிமிடம். அலுமினியத்துக்கு கார்பைடு கட்டர் இதைத் தாங்கும். மென் எஃகில் ஹெச்.எஸ்.எஸ். கட்டருக்குத் தேவை 30 மீ./நிமிடம், அதாவது 1,600 ஆர்.பி.எம். ஆகவே ‘ரவுட்டர் மாட்டிய சி.என்.சி.யில் இரும்புக் குழாய் வெட்டலாமா?’ என்ற கேள்விக்குச் சட்டம் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் விடை ‘வேண்டாம்’.

6. குழாயை வெட்ட, வளைக்க, ஒட்ட

• இரும்புக் குழாய்க்கு வேறு வழி: குழாயைச் சுழற்றி, பிளாஸ்மா டார்ச்சை நீளவாக்கில் நகர்த்துவது. இரண்டே அச்சு போதும். ஒரே விட்டமுள்ள இரு குழாய்கள் 90°யில் சேர, ஒன்றின் முனையை மீன்வாய் வடிவில் வெட்ட வேண்டும். மீன்வாயின் இருபுறமும் நீண்டு நிற்கும் காதுகளில் ஒன்றின் நுனியிலிருந்து கோணத்தை அளந்தால், வெட்டின் ஆழம் = ஆரம் × அந்தக் கோணத்தின் சைன். 50 மி.மீ. குழாய்க்கு 0°யில் 0, 30°யில் 12.5, 45°யில் 17.7, 90°யில் 25 மி.மீ. விரித்துப் பார்த்தால் அரை சைன் வளைவு இரண்டு, நடுவே கூரிய நுனி. சுவர்த் தடிமனைச் சேர்க்காத சூத்திரம் இது, இறுதிப் பொருத்தத்துக்குக் கொஞ்சம் அரம் தேவைப்படும்.

• உனோவில் ஓடும் ஜி.ஆர்.பி.எல்.லுக்கு மூன்று அச்சுதான், ஏ அச்சு கிடையாது. ஒய்யின் மோட்டாரைச் சுழற்சிக்குக் கொடுத்து, சுற்றளவை மி.மீ.யாகச் சொல்லிவிடலாம். 50 மி.மீ. குழாயின் சுற்றளவு 157.08 மி.மீ. பல்விகிதம் 6க்கு 1, மைக்ரோஸ்டெப் 8 என்றால் 9,600 ÷ 157.08 = 61.1. இதுவே $101 அமைப்பில் எழுத வேண்டிய எண். குழாயின் விட்டம் மாறினால் இதுவும் மாறும்.

• வளைக்கும்போது வெளிப்பக்கச் சுவர் மெலியும், உட்பக்கம் சுருங்கி மடியும், வட்டம் முட்டையாகும். தடுக்க உள்ளே மாண்ட்ரல், அல்லது மணல். மணல் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர மணலை அடைத்துச் சூடு காட்டினால் நீராவி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வரும்.

• வெல்டிங்கில் முதலில் புள்ளி வைத்து, எதிரெதிர் மூலைகளாக மாறி மாறிப் போக வேண்டும். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். 600 மி.மீ. சதுரச் சட்டத்தில் மூலைவிட்ட வித்தியாசம் 1 மி.மீ. என்றால், 600 மி.மீ. நீளத்துக்குள் செங்கோணம் 0.7 மி.மீ. தவறியிருக்கிறது. தண்டவாளம் பொருத்தும் முகங்களை வெல்டிங் முடிந்தபிறகே மட்டப்படுத்த வேண்டும்.

• துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே வெல்டிங் செய்யக் கூடாது. துத்தநாகத்தின் உருகுநிலை 419.5°, கொதிநிலை 907° செல்சியஸ். எஃகு உருகுவதற்கு வெகு முன்பே துத்தநாகம் ஆவியாகி, வெள்ளைப் புகையாக எழும். சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும், பெயர் உலோகப் புகைக் காய்ச்சல். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

• இரு முனையும் அடைத்த குழாயில் கடைசி வெல்டிங் அடிக்கும்போது உள்ளே சூடான காற்று உருகிய உலோகத்தைத் துளைத்து வெளியேறும். சின்னதாக ஒரு காற்றுத் துளை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும், கண்ணில் படாத அடிப்பக்கத்தில்.