காத்திருந்து பருகும் வேனில்

நுழையும்முன்

விழா என்றவுடன் விருந்து நினைவுக்கு வரும். விருந்தோடு வழங்கப்பெறும் பானத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வேனிற்கால விழாக்களின் பானங்கள் சிலவற்றையும் அவை உருவாகும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

உலர்திராட்சை சொல்லும் செய்தி

பின்லாந்தின் வடபகுதி ஏரிகளில் ஏப்ரல் மாத இறுதியிலும் பனிக்கட்டி உறைந்தே கிடக்கும். ஆயினும், மே முதல் நாளில் வேனிலை வரவேற்க அந்நாட்டு மக்கள் தவறுவதில்லை. ‘வாப்பு’ எனப்படும் அவ்விழா முந்தைய நாள் மாலையிலேயே களைகட்டிவிடும். தலைநகர் ஹெல்சிங்கியில் 1908ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஹாவிஸ் அமண்டா என்னும் சிலைக்கு மாணவர்கள் வெண்தொப்பி அணிவிப்பது வழக்கம். அவ்விழாவுக்குரிய பானம் ‘சீமா’.

சீமாவை விழாவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே தொடங்கவேண்டும். கொதிநீரில் சர்க்கரையையும் எலுமிச்சையையும் இட்டு, வெதுவெதுப்பாக ஆறியபின் மிகச் சிறிதளவு ஈஸ்ட் சேர்ப்பர். ஒருநாள் கழித்து வடிகட்டிப் புட்டிகளில் ஊற்றுவர். ஒவ்வொரு புட்டியிலும் சிறிது சர்க்கரையும் சில உலர்திராட்சைகளும் இடப்படும். பின்னர்க் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான்.

முதலில் திராட்சைகள் அடியில் தங்கும். ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. அவ்வாயுக் குமிழிகள் திராட்சையின் சுருங்கிய தோலில் ஒட்டிக்கொண்டு அதனை மேலே தூக்குகின்றன. திராட்சைகள் மிதந்தால் பானம் அணியமாகிவிட்டது என்பது பொருள். கருவி எதுவுமின்றி நொதித்தலை அளக்க இதைவிட எளிய வழி உண்டோ? புட்டியை இறுக மூடி வெம்மையான இடத்தில் மறந்து வைத்தால் வாயுவின் அழுத்தத்தால் அது வெடிக்கவும் கூடும். எனவே, அடிக்கடி கவனிப்பதும் இக்காத்திருப்பில் அடங்கும்.

முற்காலத்தில் சீமா தேனிலிருந்து வடிக்கப்பெற்ற மது. பிற்காலத்தில் தேனின் இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டது. மதுத்தன்மையும் மிகக் குறைந்தது. இன்று கடைகளிலும் சீமா கிடைக்கிறது. அது தாகம் தணிக்கும். ஆனால், அடுக்களைக்கு ஓடிச்சென்று திராட்சை எழுந்துவிட்டதா என்று பார்க்கும் குழந்தைக்கு அதில் வேலை இல்லை.

சோற்றில் பிறக்கும் இனிப்பு

சப்பானில் மார்ச் 3 அன்று கொண்டாடப்பெறும் பொம்மைத் திருவிழாவில் குழந்தைகளுக்கு ‘அமசாக்கே’ வழங்குவதுண்டு. ‘கோஜி’ என்னும் பூஞ்சை வளர்ந்த அரிசியைச் சோற்றுடன் கலந்து, ஏறத்தாழ 55 முதல் 60 டிகிரி செல்சியசு வெப்பத்தில் பல மணிநேரம் வைப்பர். பூஞ்சையின் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. சர்க்கரை சேர்க்காமலே தித்திக்கும் இப்பானத்தில் மது இல்லை. வெப்பம் மிகுந்தால் நொதிகள் செயலிழக்கும். குறைந்தால் பானம் புளிக்கும்.

மரத்தில் நிகழும் காத்திருப்பு

ஆந்திரத்தில் உகாதியன்று அருந்தும் பச்சடிக்கு நொதித்தல் தேவையில்லை. அதனைக் கரைத்த அன்றே பருகிவிடலாம். வேப்பம்பூ, மாங்காய், புதுப்புளி, வெல்லம், உப்பு, காரம் ஆகிய ஆறும் அதில் சேரும். பலர் அதனை நீர்க்கக் கரைத்துக் குவளையில் வார்த்தே அருந்துவர். இங்குப் பொருள்களே காலத்தைக் கணிக்கின்றன. வேம்பு பூப்பதும், மா பிஞ்சு விட்டுக் காயாவதும், புதுப்புளி வீட்டுக்கு வருவதும் அப்பருவத்திலேதான். வேப்பம்பூவை உலர்த்திச் சேமிக்கலாம். எனினும் உகாதிக் காலையில் புதுப்பூவைத் தேடி வேப்பமரத்தடிக்கே செல்வோர் இன்றும் உளர்.