காய்ச்சலுக்கு முந்தைய நாள்கள்

1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 27. நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பே என்னும் கடற்கரை ஊரில், கோடைக்காக வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த வீடொன்றில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. சில நாள்களுக்குள், அவ்வீட்டில் இருந்த பதினொருவருள் அறுவர் டைபாய்டு நோயால் படுக்கையில் வீழ்ந்தனர். குடிநீரும் பாலும் ஆராயப்பட்டன. எதிலும் குறை தென்படவில்லை. காரணம் அறிய அழைக்கப்பட்டவர் ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியாளர். காய்ச்சல் கண்ட நாளில் அவர்கள் உண்டதை ஆராய்ந்து பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் நாள்களைப் பின்னோக்கி எண்ணினார்.

கிருமி உடலுள் புகுவதற்கும் நோய்க்குறி தோன்றுவதற்கும் இடைப்பட்ட காலமே நோயரும்பு காலம். டைபாய்டுக்கு இது பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். சிலரிடம் ஒரு மாதம்வரை நீள்வதும் உண்டு. உட்சென்ற கிருமிகள் மிகுதியாயின் காலம் குறுகும். இந்நாள்களில் உடல் அமைதியாகத் தோன்றினும் உள்ளே நிகழ்வன பல. இரைப்பையின் அமிலத்துக்குத் தப்பிய சால்மோனெல்லா டைஃபி, சிறுகுடலின் சுவரைத் துளைத்து நிணநீர் வழியே குருதியை அடைகிறது. கிருமிகளை அழிக்க வேண்டிய விழுங்கு செல்களுக்குள்ளேயே அது தங்கிக்கொள்கிறது. காவலர் வீட்டிலேயே கள்வன் குடிபுகுந்தது போல. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் பெருகி, மீண்டும் குருதியில் பெருந்திரளாகக் கலக்கும்போதுதான் காய்ச்சல் தொடங்குகிறது.

அத்தொடக்கமும் ஆரவாரமற்றது. மலேரியாவைப் போல நடுக்கத்தோடு வந்து தாக்குவதில்லை. தலைவலி, சோர்வு, பசியின்மை; சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. மாலையில் ஏறும் வெப்பம் காலையில் சற்றுத் தணியும். மறுநாள் மாலை இன்னும் ஏறும். இவ்வாறு படிப்படியாக உயர்ந்து, முதல் வார இறுதியில் 39 அல்லது 40 பாகை செல்சியசைத் தொடும். ‘வெயிலில் அலைந்த களைப்பு’ என்று பலர் நாள்களைக் கடத்துவது இதனால்தான். கிருமியைக் குருதியில் வளர்த்துக் கண்டறியும் ஆய்வுக்கு உகந்ததோ அந்த முதல் வாரமே.

சோப்பரின் கணக்கு ஆகஸ்டு மாதத்தின் முற்பகுதியில் வந்து நின்றது. அம்மாதம் 4ஆம் நாள் அவ்வீட்டுக்குப் புதிய சமையற்காரர் ஒருவர் வந்திருந்தார். பெயர் மேரி மாலன். சமைத்த உணவில் கிருமி வெப்பத்தால் மடிந்திருக்கும். ஆனால் அவர் பச்சைப் பீச்சுப்பழத் துண்டுகள் இட்ட பனிக்கூழும் பரிமாறியிருந்தார். அவர் வேலை செய்த எட்டுக் குடும்பங்களுள் ஏழில் இந்நோய் தோன்றியிருந்தது. 1907இல் அவரது மலத்தில் கிருமி கண்டறியப்பட்டது. தமக்கு அந்நோய் வந்ததே இல்லை என்று அவர் உறுதியாக மறுத்தார். நலமாக உலவிய அவரால் அதை எங்ஙனம் நம்ப இயலும்? 1910இல் விடுவிக்கப்பட்டவர், மீண்டும் சமையல் வேலைக்குச் சென்று 1915இல் பிடிபட்டார். 1938இல் இறக்கும்வரை நார்த் பிரதர் தீவிலேயே வைக்கப்பட்டிருந்தார்.