அபாயப் பொருள்களும் ஊர்க் காவலும்

நயினார்கோவில் வட்டாரம் நெல்லும் மிளகாயும் பருத்தியும் விளையும் பூமி. வானம் பார்த்த நிலமும் கண்மாய்ப் பாசனமும் கொண்ட இப்பகுதியில் பெரிய ஆலைகள் இல்லை. ஆகவே நச்சு வாயு, அமிலம், வெடிபொருள் என்பன நகரத்தாரின் கவலை என்று ஊராட்சி அங்கத்தினர்களில் பலர் எண்ணுவது இயற்கையே. ஆனால் மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையிலும், தூத்துக்குடியிலிருந்து சாயல்குடி வழியாக இராமநாதபுரம் வரும் கடற்கரைச் சாலையிலும் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு உண்மை விளங்கும். பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு முதலியவற்றைச் சுமந்த டாங்கர் லாரிகள் அங்கே போய் வருகின்றன. வீட்டுக்கு அருகே, மிளகாய்க்குத் தெளிக்கும் பூச்சி மருந்து வைக்கோற்படப்பின் ஓரத்திலேயே இருக்கிறது.

இத்தகைய விபத்து நேரும்போது அங்கே முதலில் போய்ச் சேர்பவர் தீயணைப்பு வீரரும் அல்லர், இரசாயன நிபுணரும் அல்லர். பக்கத்து வயலில் வேலை செய்யும் விவசாயியும், ஊராட்சி மன்றத் தலைவரும், செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் விரையும் காவலருமே முதல்வர்கள். காவல் துறையினருக்கு இதற்கென அளிக்கும் பயிற்சியின் சாரத்தைக் கிராம மக்களும் அறிந்திருப்பது அவசியம். காவலர் வரும் வரையில் அவருடைய வேலையைச் செய்ய வேண்டியவர்கள் அவர்களே.

2017-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி பாகிஸ்தானில் அகமதுபூர் என்னும் ஊருக்கு அருகே ஒரு பெட்ரோல் டாங்கர் சாலையோரத்தில் கவிழ்ந்தது. எண்ணெய் வயலில் ஓடிற்று. பக்கத்துக் கிராமத்தார் குடங்களோடும் தகர டின்களோடும் ஓடி வந்தார்கள். விலகிப் போகுமாறு சொல்லப்பட்டும் கூட்டம் கலையவில்லை. சற்று நேரத்தில் தீப்பற்றியது. இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் விபத்தில் சிக்கியவர்கள் அல்லர், எண்ணெய் அள்ள வந்தவர்கள். எளிய குடும்பத்தாருக்கு ஒரு குடம் பெட்ரோல் பெரிய பணம். இதை நாம் உணராமல் அவர்களைப் பேராசைக்காரர் என்று பழிப்பதில் பயன் இல்லை. பெட்ரோலின் ஆவி காற்றைவிடப் பன்மடங்கு கனமானது என்பதையும், அது கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து வெகு தூரத்தில் எரியும் ஒரு பீடியைக்கூட எட்டிப் பிடிக்கும் என்பதையும் அவர்களுக்கு எவரும் முன்கூட்டிக் கற்பித்திருக்கவில்லை. நம் ஊரில் அதைக் கற்பிக்கும் பொறுப்பு ஊராட்சியைச் சேர்ந்தது.

நமக்கு அருகிலேயே மற்றொரு பாடம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி இரவு, கேரளத்தின் கண்ணூருக்கு அடுத்த சாலா என்னும் இடத்தில் சமையல் எரிவாயு ஏற்றிய டாங்கர் சாலை நடுவில் இருந்த தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. வாயு கசிந்து பரவித் தீப்பற்றி வெடித்தது. சாலையோர வீடுகளில் இருந்தவர்கள் உட்பட இருபது பேர் உயிரிழந்தனர். எரிவாயு டாங்கரில் திரவமாக அடைபட்டிருக்கிறது. வெளியே வந்ததும் ஏறத்தாழ இருநூற்றைம்பது மடங்கு விரிந்து வாயுவாகிறது. அதுவும் காற்றைவிடக் கனமானதே. ஆதலால் மேலே பறந்து கலையாமல் பள்ளம் நோக்கிப் பாய்கிறது. நம் பக்கத்தில் பள்ளம் என்பது கண்மாயின் உட்புறம், வாய்க்கால், ஊருணி, சாலையோரக் குழி ஆகியவையே. பயந்து ஓடுகிறவன் மறைவிடம் என்று கருதி இவற்றில் இறங்குவானாயின் அபாயத்தின் மடியிலேயே விழுந்தவனாவான். மேட்டை நோக்கி ஓட வேண்டும். காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தத் திசையை நோக்கி ஓட வேண்டும். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தாலும், மரக்கிளை அசைவதைக் கண்டாலும், காற்றின் போக்கு தெரிந்துவிடும். நெல் தூற்றுகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

எவ்வளவு தூரம் விலகுவது என்பது அடுத்த வினா. பெட்ரோல் சிந்தியிருந்து தீப்பற்றாத நிலையில் நாலா பக்கமும் ஐம்பது மீட்டருக்காவது எவரையும் அண்டவிடலாகாது. சிந்தியது மிகுதியானால் காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் முந்நூறு மீட்டர் வரையில் ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். எரிவாயு டாங்கர் கசிந்தால் முறையே நூறு மீட்டரும் எண்ணூறு மீட்டரும். எரிவாயு டாங்கரையே தீ சூழ்ந்துவிட்டதானால் கணக்கு மாறுகிறது. உள்ளே இருக்கும் திரவம் கொதித்து, வெளித் தகடு சூட்டால் இளகி, டாங்கர் முழுவதும் ஒரே நொடியில் பிளந்து தீக்கோளமாக எழும்பக்கூடும். அப்பொழுது எல்லாத் திசையிலும் ஆயிரத்து அறுநூறு மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு மைல் தூரம் காலி செய்ய வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களும் கைபேசியில் படம் பிடிப்பவர்களும் இந்த ஒரு மைல் கணக்கை அறிந்திருந்தால் காவலரின் பாடு பாதி குறையும்.

டாங்கரில் இருப்பது யாது என்று அறியக் கிட்டே போக வேண்டியதில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அபாயப் பொருள் ஏற்றிச் செல்லும் வண்டியின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை ஒன்று எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அதில் பொருளின் பெயர், ஐக்கிய நாடுகளின் எண், அபாய வகையைக் காட்டும் சாய்சதுரப் படம், பொருளை அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணும் இருக்கும். நான்கு இலக்கம் கொண்ட அந்த ஐ.நா. எண் உலகெங்கும் ஒன்றே. 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தொலைவில் நின்று அந்த நான்கு இலக்கங்களைப் படித்து 112 அல்லது 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லிவிட்டால், புறப்படும் முன்பே அவர்கள் தண்ணீர் கொண்டு வருவதா, நுரை கொண்டு வருவதா என்று தீர்மானிக்க முடியும். எரியும் பெட்ரோல் மீது தண்ணீரைப் பீய்ச்சினால் எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த முன்தகவலின் அருமை புரியும்.

படங்களின் நிறமும் பேசும். சிவப்பு நிறம் எளிதில் தீப்பற்றுவதையும், வெண்ணிறத்தில் மண்டையோடு நஞ்சையும், ஆரஞ்சு நிறம் வெடிபொருளையும், நீலம் தண்ணீர் பட்டால் ஆபத்து என்பதையும் உணர்த்தும். ஓட்டுநரின் அறையில் அவசரக் குறிப்பு அட்டை ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு உடனே அறிவிக்க வேண்டியது ஓட்டுநரின் சட்டக் கடமை. ஆகவே, அவர் நடக்கும் நிலையில் இருந்தால், அவரைச் சுற்றி நின்று அடிக்க முற்படுவதை விட்டு, வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டறிவதே அறிவுடைமை. சாலை விபத்துகளில் இக்கோபம் காரியத்தைக் கெடுப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

இங்கே கடினமான ஒரு கேள்வி எழுகிறது. ஓட்டுநர் உள்ளே சிக்கி அலறுகிறார். கிட்டே போகாதே என்பது எப்படி மனிதத்தன்மை ஆகும்? கசிவு இல்லாத, இன்ன பொருள் என்று தெரிந்த வண்டியானால் காற்று வரும் பக்கத்திலிருந்து அணுகி மீட்கலாம். ஆனால் நச்சு வாயு சூழ்ந்த இடத்துக்குள் மூச்சுக் கவசமின்றி நுழைகிறவர் மீட்பவராக இருப்பதில்லை, இரண்டாவது நோயாளியாகிறார். கழிவுநீர்த் தொட்டியில் மயங்கி விழுந்தவனைத் தூக்க இறங்கியவனும், அவனைத் தூக்க இறங்கிய மூன்றாமவனும் ஒருவர்பின் ஒருவராக மாண்ட செய்திகளை நம் மாநிலத்தில் பலமுறை படித்திருக்கிறோம். காவலருக்கும் இதே விதிதான். அவருடைய முதல் வேலை போக்குவரத்தை நிறுத்துவதும் கூட்டத்தைத் திருப்புவதும் ஆகும். காக்கிச் சட்டை நஞ்சைத் தடுப்பதில்லை.

சிந்திய திரவம் ஊருணியை நோக்கி ஓடுமானால் நம் பகுதிக்கு அது பெருங்கேடு. அதே ஊருணி நீரைத்தான் பல கிராமங்கள் நம்பியிருக்கின்றன. திரவம் வந்து சேருவதற்கு வெகு முன்பாகவே, காற்று வரும் பக்கமாக நின்று, வாய்க்காலின் குறுக்கே மண் அணை போட்டு மறிக்கலாம். மண்வெட்டி போதும். பெட்ரோலோ எரிவாயுவோ ஆனால் மண்வெட்டியின் பொறியும் ஆகாது. அவ்விடத்தை விட்டு அகல்வதே முறை. பக்கத்துப் பம்புசெட்டு இயந்திரத்தை இயக்குவதும், டிராக்டரைக் கிளப்புவதும், ஆவி பரவிய இடத்தில் கைபேசியில் பேசுவதும் கூடா. வீட்டுச் சிலிண்டர் கசிந்தால் மின்விசையைத் தொடாமல் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அறிவிக்கலாம்.

டாங்கரை விடுத்து மண்ணுக்கு அடியில் வருவோம். 2018-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டாரின் கழிவுநீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டியபோது துருப்பிடித்த பெட்டிகள் தட்டுப்பட்டன. போலீசாருக்குச் செய்தி போயிற்று. பெட்டி பெட்டியாக ஆயிரக்கணக்கான துப்பாக்கித் தோட்டாக்களும் வெடிபொருள்களும் எடுக்கப்பட்டன. இலங்கையில் போர் மூண்டிருந்த காலத்தில், 1980-களில், போராளிக் குழுக்கள் புதைத்தவையாக அவை கருதப்பட்டன. முப்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்ததால் வெடிமருந்து செத்துவிட்டது என்று கொள்ளலாகாது. பழைய வெடிபொருள் புதியதைவிடக் குணம் கெட்டது. சிறு அதிர்ச்சியும் அதற்குப் போதும். கடற்கரையோரத்திலோ பனங்காட்டிலோ நூறு நாள் வேலையிலோ இத்தகைய இரும்புப் பொருள் அகப்பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்த வேண்டும். எடுத்துப் பார்ப்பதும், கழுவுவதும், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவதும், காவல் நிலையத்துக்குச் சைக்கிளில் கொண்டு போவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத பிழைகள். இடத்தில் ஒரு கம்பு நட்டு அடையாளம் வைத்து, ஆட்களை அகற்றி, செய்தி மட்டும் அனுப்ப வேண்டும். குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

இனிப் பூச்சி மருந்து. 1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவு உண்டவர்கள் திடீரென்று சுருண்டு விழுந்து இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் உணவுப் பண்டங்களும் கப்பலில் ஒருங்கே ஏற்றப்பட்டதும், மருந்து கசிந்து மூட்டைகளில் ஊறியதும் பிற்பாடு தெரியவந்தன. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இல் பிறந்ததற்கு இத்துயரமே வித்து. அன்று கப்பலில் நேர்ந்தது இன்றும் மாட்டு வண்டியிலும் சரக்கு ஆட்டோவிலும் நேரக்கூடும். மருந்தையும் அரிசி மூட்டையையும் ஒரே நடையில் ஏற்றி வருவது நம்மிடையே சர்வ சாதாரணம்.

அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளால் ஒவ்வொரு மருந்துப் புட்டியின் மேலும் சாய்சதுரக் குறி ஒன்று அச்சிடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் கொடிய நஞ்சு, மஞ்சளானால் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. பச்சை என்பதால் குடிக்கலாம் என்று பொருளில்லை. காலிப் புட்டியில் எண்ணெயோ குடிநீரோ வைப்பதும், தெளிப்பானைக் கண்மாயில் அலசுவதும் ஊராட்சி தலையிட்டு நிறுத்த வேண்டிய வழக்கங்கள். தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் நச்சு வாயுவைக் கக்கும். ஆகவே அது சிதறிய இடத்தில் தண்ணீர் ஊற்றலாகாது.

பாரத்தியான் இனத்து மருந்து உடலில் ஏறினால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். வியர்வையும் எச்சிலும் பெருகும். வாந்தி, மூச்சுத் திணறல் தோன்றும். தோல் வழியாகவும் இந்நஞ்சு புகும். ஆதலால் மயங்கியவரின் நனைந்த ஆடையைக் களைந்து சோப்பும் ஏராளமான நீரும் கொண்டு கழுவ வேண்டும். கழுவுகிறவர் கைகளில் உறை, கிடைக்காவிடில் கனத்த பிளாஸ்டிக் பையாவது, அணிந்துகொள்ளட்டும். வாயில் எதையும் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்ய முயலக்கூடாது. 108 வண்டியை அழைத்து, நோயாளியோடு அந்த மருந்துப் புட்டியையும் உறையில் இட்டு மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்; அதன் சீட்டிலேயே மருந்தின் பெயரும் மாற்று மருந்தின் விவரமும் அச்சிடப்பட்டிருக்கும்.