படகை ஏற்றத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறையோடு ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் கூட்டம் தொடங்கும். செப்ரெம்பர் தொழிலாளர் நாள்வரை அது குறையாது. ஸ்காபரோவில் பிரிம்லி வீதி செங்குத்தாக இறங்கி முடியும் பிளஃபர்ஸ் பார்க் ஆகட்டும், சிம்கோ ஏரிக்கரை ஊர்கள் ஆகட்டும், பொதுமக்கள் படகு இறக்கும் ராம்பில் வெயில் நாட்களில் வரிசை நிற்கும். காலையில் படகை இறக்க வருபவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். மாலையில் எல்லோருமே ஒரே நேரத்தில் கரைக்குத் திரும்புவார்கள். மேற்கே கருமேகம் தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படகைத் திரும்ப ட்ரெய்லரில் ஏற்றும் வேலை கடினமாவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மாரினாக்கள், படகு வாடகைக்கு விடுபவர்கள், படகு விற்பவர்கள், திருத்துபவர்கள் எல்லோரும் கோடைக்கு ஆள் எடுக்கிறார்கள். எரிபொருள் நிரப்புவதும் கயிறு பிடிப்பதும் தளம் கழுவுவதும் சில நாட்களில் பழகிவிடும். பின்னால் பலர் காத்துக்கொண்டிருக்க, இன்னொருவரின் படகைக் கீறல் விழாமல் ஏற்றுவதுதான் பலருக்கு வருவதில்லை. அது கைவந்த ஆளை முதலாளி அடுத்த கோடைக்கும் கூப்பிடுவார். எங்கள் பிள்ளைகள் பலர் கோடை வேலை என்றதும் கடைக் கவுண்டரையும் பொருட்கிடங்கையும் தாண்டி யோசிப்பதில்லை. பெரிய ஏரி ஒன்று வாசலில் கிடக்கும் ஊரில் இது வீணாகப் போகும் வாய்ப்பு.

கையில் இருக்க வேண்டியவை

ஒன்ராறியோவின் ஜி வகைச் சாரதி உரிமம் இருந்தால் 4,600 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். வீட்டுக்காரர்கள் இழுத்து வரும் படகுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். மோட்டார் படகை ஓட்டுபவர் எந்த வயதினராக இருந்தாலும் தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது 2009 செப்ரெம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. படகைத் துறையிலிருந்து ட்ரெய்லர்வரை கொண்டுவருவதும் ஓட்டுவதுதான், அதற்கும் அட்டை வேண்டும். வேலைத்தலப் பாதுகாப்பு பற்றிய அடிப்படைப் பயிற்சியும் 2014 முதல் எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாயம். அதை நீங்கள் முடித்திருப்பதை உறுதிசெய்வது முதலாளியின் பொறுப்பு. முதலுதவிச் சான்றிதழும் இருந்தால் விண்ணப்பத்துக்கு எடை கூடும்.

ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுக்க ராம்பில் நின்று பழகாதீர்கள். ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் ஒரு வாகனத் தரிப்பிடத்தில், உரிமையாளரிடம் அனுமதி கேட்டுப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசைக்கே கையை நகர்த்தினால் போதும், இடம் வலம் குழம்பாது. சிறிதாகத் திருப்பி, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு அடுத்ததைத் திருப்புங்கள். கோணம் முறிந்துவிட்டால் அதற்குமேல் போராடாமல் முன்னே எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். நீளம் குறைந்த ட்ரெய்லர் மிக விரைவாகத் திரும்பிவிடும். அதில் பழகியவருக்கு நீளமானது எளிது.

வரிசையில் நிற்கும்போதே

நெரிசலான ராம்பில் நேரம் வீணாவது பெரும்பாலும் படகு மெதுவாக வருவதால் அல்ல. சரிவின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கயிறு தேடுவதால், பட்டி அவிழ்ப்பதால், திறப்பு யாரிடம் என்று கேட்பதால். படகு தண்ணீரை விட்டு வெளியே வருவது மட்டும்தான் ராம்பில் நடக்க வேண்டிய வேலை. மற்றதையெல்லாம் அதற்கு முன்போ பின்போ வேறிடத்தில் முடித்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே இந்த ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டவர், கை இன்னும் பழகாவிட்டாலும், ராம்பை அடைத்துக்கொண்டு நிற்கமாட்டார்.

எனவே வரிசையில் நிற்கும்போதே இறங்கி ட்ரெய்லரை ஒரு சுற்றுப் பாருங்கள். பின்கட்டுப் பட்டிகள் படகைத் தாங்கும் பலகைமேல் கிடக்கின்றனவா, படகை இழுக்கும் வின்ச்சின் பட்டி சிக்கலில்லாமல் ஓடுகிறதா, கொக்கி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகைப் பல்பு உள்ள ட்ரெய்லர் என்றால் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்பு குளிர்ந்த தண்ணீரில் வெடிக்கும். படகில் இருப்பவரோடு சைகைகளைப் பேசி முடித்துவிடுங்கள்: வா, நில், மோட்டாரை நிறுத்து என்ற மூன்றும் போதும். காற்றிலும் இயந்திர இரைச்சலிலும் கத்தினால் காதில் விழாது, கத்துகிற தொனி மட்டும் விழும். அதிலிருந்துதான் சண்டை ஆரம்பிக்கும்.

இருட்டிய பிறகு பின்னெடுக்கும்போது ஹெட்லைட்டை அணைத்து, சிறு விளக்குகளை மட்டும் எரியவிடுங்கள். பக்கத்துத் தடத்தில் பின்னோக்கி வருபவருக்குக் கண் கூசாது.

எவ்வளவு ஆழம்?

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆழமாக இறக்கினால் படகு எளிதாக ஏறும் என்று தோன்றும். நடப்பது வேறு. கம்பளம் போர்த்திய தாங்குபலகைகள் முழுவதும் நீருக்குள் போய்விட்டால், அவற்றுக்கு மேலே படகு பிடிமானமின்றி மிதக்கும். காற்று பின்பக்கத்தை ஒரு பக்கம் தள்ளும். அந்த நிலையில் வெளியே இழுத்தால் படகு கோணலாக உட்காரும். பிறகு எல்லாவற்றையும் தண்ணீருக்குள் இறக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். போதாத ஆழத்தில் நிறுத்தினாலோ வின்ச்சைச் சுற்றிச் சுற்றித் தோள்மூட்டு போய்விடும்.

நான் பரிந்துரைக்கும் முறை இது. பலகைகள் முழுவதும் நனையும்வரை ட்ரெய்லரை உள்ளே விடுங்கள். நனைந்த கம்பளத்தில் படகு வழுக்கிக்கொண்டு ஏறும். பிறகு மெல்ல முன்னே எடுத்து, பலகைகளின் முன் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலே தெரியும்போது நிறுத்துங்கள். பல ட்ரெய்லர்களில் அப்போது சக்கர மட்கார்ட்டின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். படகு ஆகக் குறைந்த வேகத்தில் வந்து, அதன் முன்முனையான அணியம் பலகைகளுக்கு நடுவே அமர்ந்து தானாக நிற்கும். மிச்சமுள்ள ஓரிரு அடியை வின்ச்சால் இழுத்தால் போதும். ராம்புக்கு ராம்ப் சரிவு மாறும், ட்ரெய்லருக்கு ட்ரெய்லர் அளவு மாறும். சரியாக அமைந்த ஆழம் எது என்று மட்கார்ட்டைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அதே படகு வரும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

பக்கக் காற்று பலமாக இருந்தால், காற்று வரும் பக்கத்திலிருந்தே ட்ரெய்லரை அணுகுங்கள். காற்று உங்களைத் தடத்தை நோக்கித் தள்ளும். அதைவிடப் பாதுகாப்பானது கயிறு. முன்னும் பின்னும் கயிறு கட்டி, படகுத்துறைத் தளத்தின் மேல் நடந்தபடியே படகைக் கொண்டுவந்து ட்ரெய்லரில் விடலாம். மோட்டாரின் வீரத்தைக் காட்டுவதைவிட இது விரைவாகவும் முடியும்.

அந்த வீரத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வின்ச்சைத் தொடாமல், மோட்டாரை முடுக்கிப் படகை ட்ரெய்லர் உச்சிவரை ஏற்றுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. விசிறி பின்னால் தள்ளும் நீர், கொங்கிறீற் முடியும் இடத்தில் சரளையையும் மணலையும் அரித்துக் குழி தோண்டும். அரித்த மணல் சற்றுத் தள்ளி மேடாகக் குவியும். அடுத்து வருபவரின் ட்ரெய்லர் சக்கரம் அந்தக் குழிக்குள் விழுந்து அச்சு கொங்கிறீற் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேட்டில் இன்னொருவரின் விசிறி அடிபடும். ஒன்ராறியோ ஏரியின் நீர்மட்டம் வழக்கமாக ஜூன் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, இலையுதிர்காலம் முழுவதும் இறங்கிக்கொண்டே போகும். மே மாதம் பத்திரமாக நின்ற அதே இடத்தில் செப்ரெம்பரில் சக்கரம் விளிம்பைத் தாண்டிவிடலாம். 2017, 2019 போன்ற வெள்ள ஆண்டுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடக்கூடாது. பொது ராம்பை இப்படித் தோண்டுவது மற்றவர் பொருளைச் சேதப்படுத்துவதுதான். வேலைக்கு நிற்பவர் அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

கையும் காலும் முக்கியம்

வண்டியை பார்க் கியரில் போட்டு, கைப் பிரேக்கையும் முழுதாக இழுத்த பிறகே கதவைத் திறவுங்கள். சக்கரத்துக்கு அடைக்கட்டை வைப்பது அரைநிமிட வேலை. நீர்க்கோட்டை ஒட்டிய கொங்கிறீற்றில் பச்சையாகப் படர்ந்திருக்கும் பாசியைப் பாருங்கள். அதில் கால் வைத்தால் எந்தச் செருப்பும் நிற்காது. பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள், ட்ரெய்லரின் நாக்குச் சட்டத்தைப் பிடித்தபடி நடங்கள்.

வின்ச்சின் பக்கவாட்டில் நில்லுங்கள், இழுபடும் பட்டியின் நேர்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். வின்ச்சின் பல்சக்கரத்தில் ஒரு சிறு இரும்புத் தடுப்பு சாய்ந்து நிற்கும். சுற்றும்போது 'டக், டக்' என்று விழுவது அதுதான். பாரம் தொங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடிக்காமல் அந்தத் தடுப்பை மாற்றினால், கைப்பிடி காற்றாடிபோல் சுழன்று மணிக்கட்டையே உடைத்துவிடும். படகின் இழுவளையத்துக்கும் ரப்பர் தாங்கிக்கும் நடுவில் விரலை விடுவதும் அதே அளவு ஆபத்து.

கொக்கி மாட்டியாயிற்று, பட்டி இறுகிற்று, அணியத்தில் தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போட்டாயிற்று, மோட்டாரை அணைத்து மேலே தூக்கியாயிற்று, படகில் யாரும் இல்லை. இவை ஐந்தும் ஆன பிறகே மேலே இழுக்க வேண்டும். கொக்கி மாட்டாமல் இழுத்த படகு ஈரப் பலகையில் பின்னோக்கி வழுக்கிக் கொங்கிறீற்றில் விழும். பட்டி மட்டும் போதாது, அது அறுந்தால் சங்கிலிதான் தாங்கும். படகு ட்ரெய்லரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வீதியில் ஓட்டுவதை ஒன்ராறியோ சட்டம் தடைசெய்கிறது. ராம்பிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். அவசரத்தில் இந்தப் படிகளில் ஒன்றை விட்டுவிடச் சொன்னால், அபாயமான வேலையை மறுக்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு.

சமநிலத்துக்கு வந்ததும் பார்த்தால், அணியம் தாங்கியிலிருந்து ஓரிரு அங்குலம் விலகியிருக்கும். சரிவில் ஏறிய படகு நிமிரும்போது அப்படி ஆவதுண்டு. அங்கேயே நிறுத்தி இறுக்காமல், பட்டி கட்டுவதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போய் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். படகின் சொந்தக்காரர் ராம்பிலேயே எல்லாவற்றையும் கட்டி முடிக்க விரும்புவார். அவரை அசைப்பதும் உங்கள் வேலைதான். "அங்கிள், கொக்கியும் சங்கிலியும் போட்டாச்சு. மிச்சத்தை மேலை போய்க் கட்டுவம், வாங்கோ" என்று சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள். சாக்குச் சொல்வதையும் குறைசொல்வதையும் விட்டு, அடுத்து என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

வீதிக்கு ஏறுமுன்

பின்கட்டுப் பட்டிகளை இறுக்குங்கள். மின் இணைப்பைத் திரும்ப மாட்டி விளக்குகளைப் பாருங்கள். வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே உள்ள சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள். இணைப்பு கழன்றால் ட்ரெய்லரின் நாக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும். மொத்த எடை 1,360 கிலோவை எட்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்து மேலேறும் பிரிம்லிச் சரிவில், கட்டுகளில் உள்ள தளர்வு எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது, வேகமாகச் செய்யக்கூடாத ஒரே வேலை. அடிப்பக்க வடிகால் மூடியைக் கழற்றித் தண்ணீரை முழுவதும் வடியவிடுங்கள். விசிறியிலும் அச்சிலும் பலகைகளிலும் சுற்றிய பாசியைக் கையால் பிடுங்குங்கள். இதைச் செய்யாமல் படகை வீதியில் கொண்டுபோவது 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் சட்டவிரோதம். காரணம் வலுவானது. 1988இல் சென்ற் கிளயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிமட்டி (zebra mussel) என்னும் சிறு சிப்பி, கப்பல்களின் பாரநீரோடு வந்து பேரேரிகள் முழுவதும் பரவியது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. படகடியில் தேங்கிய ஒரு வாளித் தண்ணீரில் அவை அடுத்த ஏரிக்குப் போய்விடும். கழற்றிய மூடியை வண்டித் திறப்போடு சேர்த்து வையுங்கள், அடுத்த முறை மூடி போடாமல் படகை இறக்கமாட்டீர்கள்.

இரண்டு மூன்று கோடை நின்றவருக்கு மேலே போக வழியும் இருக்கிறது. மாரினாக்களில் பெரிய படகுகளைத் தூக்கும் இயந்திரங்களை இயக்க ஆள் தேவை. படகு இயந்திரத் தொழில்நுட்பம் ஒன்ராறியோவில் பயிற்சியாளராகச் சேர்ந்து கற்கக்கூடிய தொழில். அதற்கு ராம்பில் கிடைக்கும் கைப்பழக்கம் நல்ல அடித்தளம்.

பனி கரையும்வரை காத்திருக்காதீர்கள். பெப்ரவரி, மார்ச்சிலேயே விண்ணப்பத்தை அனுப்புங்கள். உரிமம், படகு அட்டை ஆகியவற்றுக்குக் கீழே, ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுக்கத் தெரியும் என்று தனி வரியாக எழுதுங்கள். நேர்முகத்தில் செய்துகாட்டச் சொல்லக்கூடும்.