மூன்று டம்ளருக்கு நடுவே ஒரு சந்து

வீட்டில் மூன்று டம்ளரை ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிறுத்திப் பாருங்கள். நடுவில் ஒரு முக்கோணச் சந்து தெரியும். இந்த மாதிரி ஒரு சந்துதான் 1991-இல் நார்வேயில் ஒரு ராட்சதக் கோபுரத்தையே முழுங்கிவிட்டது.

அதன் பெயர் ஸ்லைப்னர் ஏ. வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் நின்று எரிவாயு எடுப்பதற்காகக் கட்டிய கான்கிரீட் மேடை. அடியில் உருளை உருளையாக 24 அறைகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. அதில் 4 மட்டும் தூணாக உயர்ந்து மேல்தளத்தைத் தாங்கும்.

57,000 டன் மேல்தளத்தை எப்படித் தூக்கி வைப்பது? தூக்குவதே இல்லை! கரையோரம் ஆழமான நீரில் கோபுரத்தை அமிழ்த்துவார்கள். மேல்தளத்தை மிதக்கவிட்டு அதன் தலைக்கு நேரே கொண்டுவந்து, பிறகு கோபுரத்தை மேலே எழுப்புவார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அமிழ்த்தும்போது அறைக்குள் பெரும்பாலும் காற்று, சந்துக்குள்ளோ கடல்நீர். 10 மீட்டர் ஆழத்தில் நீர் ஒரு சதுர மீட்டரை 10 டன் எடையோடு அழுத்தும். அப்போ 65 மீட்டரில்? 65 டன்! சந்தின் சுவர் அதைத் தாங்க வேண்டும்.

1991 ஆகஸ்ட் 23. ஸ்டவாங்கர் நகருக்குப் பக்கத்தில் அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று டமார்னு ஒரு சத்தம். சுவர் பிளந்து தண்ணீர் புகுந்தது. பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. கோபுரம் 220 மீட்டர் ஆழத்தில் போய் மோதியதில் ரிக்டர் அளவில் 3 பதிவானதாம்! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மேல்தளமும் இன்னும் ஏற்றப்படவில்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

தப்பு எங்கே? கம்ப்யூட்டர் கணக்கில். சுவரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுவார்கள். கிராஃப் தாளில் பெரிய கட்டமாக எடுத்தால் வளைகோடு கோணல்மாணலாக வருமே, அதே கதைதான். சுவர்கள் சேரும் மூலையில் கட்டங்கள் சரியாக அமையவில்லை. அதனால் சுவரை வெட்டப் பார்க்கும் விசை 47 சதவீதம் குறைவாகக் காட்டியது. அதாவது 100 என்று வரவேண்டிய இடத்தில் 53! அதை நம்பி மெல்லிய சுவராகக் கட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, மூலையில் வைத்த கம்பியின் நீளமும் பத்தவில்லை.

பிறகு நுணுக்கமாகக் கணக்குப் போட்டபோது, 62 மீட்டர் நீரழுத்தத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65-இல். புதுக் கோபுரம் கட்டி 1993-இல் எரிவாயு எடுக்க ஆரம்பித்தார்கள்.